பதினொரு பேர் ஆடினார்கள்

மகாலட்சுமிக்கு நிஜமாகவே கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். மைதானத்தில் அவர் போடும் சத்தத்துக்கு எங்கள் பள்ளியில் யாரும் பயப்பட்டதில்லை. அது அவர் வேலை. விசிலைக் கழற்றி ஜெர்கின் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரிங்க சார், ஆகட்டும்" என்று மெதுவாகச் சொன்னால்தான் ஆசிரியர் அறையில் நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம்.

மஞ்சூர் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளி எங்களுடையது. பெயர் வேண்டாம். நான் அங்கே கணக்கு ஆசிரியர். அவர் பகுதி நேர உடற்கல்வி ஆசிரியை. வாரத்தில் மூன்று அரை நாள் வந்தால் போதும் என்றுதான் உத்தரவு. அவர் ஆறு நாளும் வந்தார். காலை ஏழு மணிக்கு மைதானத்தில் நிற்பார். ஜனவரியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். பிள்ளைகள் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நடுங்குவார்கள். "பந்தத் தொட்டாக் குளிர் ஓடிப்போயிடும், வாங்க" என்பார். எங்கள் கூடைப்பந்துத் தளம் மலைச்சரிவை வெட்டிச் சிமெண்ட் போட்ட ஒரு துண்டு நிலம். பந்து தப்பினால் கீழே தேயிலைக்குள் போய்விடும். மழைக்காலத்தில் எடுக்கப் போகிறவள் காலில் இரண்டு அட்டையாவது ஏறாமல் திரும்ப முடியாது.

அவர் இந்த வேலைக்கு வந்த கதையை ஒருநாள் மஞ்சூர் பஸ்ஸில் எனக்குச் சொன்னார். குன்னூருக்கு வெளியே ஒரு எஸ்டேட் லைனில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். அப்பா ராசு, பதினைந்து வயதில் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர். எஸ்டேட் பேக்டரியில் பாய்லருக்கு விறகு போடுகிற வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பிலேயே மளமளவென்று வளர்ந்துவிட்டாள். பிரேயர் வரிசையில் அவளைப் பார்த்த பயிற்சியாளர், "ஒசரமா இருக்க, பாஸ்கெட்பால் டீமுக்கு வா" என்று பெயர் எழுதிக்கொண்டார்.

நான்கு வருடம் அவர் ஒரு நாள் பயிற்சியையும் விட்டதில்லை. நான்கு வருடமும் பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்களின் ஸ்வெட்டரை மடித்து வைத்தார், தண்ணீர் பாட்டில் நிரப்பினார், பந்துப் பையைச் சுமந்தார். "சார், இன்னைக்கு எறக்குவீங்களா?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பார்க்கலாம்."

பன்னிரண்டாம் வகுப்பில் கடைசிப் போட்டி. ராசு லீவு போட்டு, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஊட்டிக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு பாயிண்ட் பின்தங்கி, இனி எதுவும் ஆகாது என்ற பிறகு, ஆட்டம் முடிய நாற்பது விநாடி இருக்கும்போது பயிற்சியாளர் மகாலட்சுமியை உள்ளே அனுப்பினார். பந்து கைக்கு வந்தது. அதைத் தட்ட மறந்து நாலு அடி ஓடிவிட்டார். விசில் ஊதினார்கள். எதிர்ப் பள்ளிப் பெண்கள் சிரித்தார்கள். சொந்த டீமிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பஸ்ல வரும்போது எங்கப்பா என்ன கேட்டாரு தெரியுங்களா சார்? 'புள்ள, ஒன்னால ஏலாதுன்னா அந்த மனுசன் ஏலாதுன்னு சொல்லியிருக்கலாமே. நாலு வருசம் என்னத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு, பை தூக்கவா?' அப்புடின்னாரு. குன்னூரு வர்ற வரைக்கும் ஜன்னல் கம்பியப் புடிச்ச கைய எடுக்கல."

கோயம்புத்தூரில் உடற்கல்விப் படிப்பில் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம். "ஆசைப்பட்டுப் படிச்சேன்னு நெனைக்காதீங்க. கோவத்துல படிச்சேன்" என்றார்.

எங்கள் பள்ளிக்கு வந்து பெண்கள் அணி சேர்த்த முதல் மாதமே பெற்றோர் கூட்டம் போட்டார். வந்தவர்கள் பெரும்பாலும் தேயிலை பறிக்கிறவர்கள், குந்தா மின்வாரியத்தில் வேலை செய்கிறவர்கள், இரண்டு படுகர் வீட்டு அம்மாக்கள். அவர்களிடம் எழுந்து நின்று சொன்னார்:

"மேட்ச் நாப்பது நிமிஷங்க. பத்துப் பத்து நிமிஷமா நாலு குவார்ட்டர். ஒரு நேரத்துல அஞ்சு பேருதான் ஆட முடியும். டீம்ல பன்னெண்டு பேரு இருக்காங்க. உங்க பொண்ணு நல்லா ஆடுனா முப்பது நிமிஷம் ஆடுவா. சுமாரா ஆடுனா ஆறு நிமிஷம் ஆடுவா. ஆனா ஒழுங்காப் பயிற்சிக்கு வர்ற ஒருத்தியையும் கூட்டிட்டுப் போயி ஒக்கார வெச்சுட்டு வர மாட்டேன். மூணாவது குவார்ட்டர் முடியறதுக்குள்ள எல்லாரும் எறங்கியிருப்பாங்க. அதனால தோத்தா என்னைக் கேளுங்க, புள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

முதல் வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். யாரும் கேட்கவில்லை. தோற்கிற அணியில் யார் ஆடினால் என்ன? இரண்டாம் வருடம் இரண்டு வெற்றி. மூன்றாம் வருடம் ஜீவிதா வந்தாள். மின்வாரியக் குடியிருப்புப் பெண், பந்தைத் தரையோடு ஒட்டி வைத்தது போல் தட்டிக்கொண்டு போவாள். அவள் வந்ததும் ஜெயிக்க ஆரம்பித்தோம். ஜெயிக்க ஆரம்பித்ததும் எல்லோருக்கும் கருத்து வந்துவிட்டது.

சரிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு. எஸ்டேட் லைனிலிருந்து நாலு கிலோமீட்டர் நடந்து வருவாள். குள்ளம். இடது கையால் பந்தைத் தட்ட அவளுக்குக் கடைசி வரை வரவில்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. அணியில் மோசமாக ஆடுகிறவள் அவள்தான். ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு காலைப் பயிற்சிக்கும் அவள் வராமல் இருந்ததில்லை. பாதையில் சிறுத்தை நடமாட்டம் என்று வனத்துறை எச்சரித்த வாரம்கூட, அம்மா கருப்பம்மா பாதித் தூரம் கொண்டுவந்து விட, வந்து நின்றாள். அவளுடைய ஆறு நிமிடம் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவளுக்குக் கிடைத்தது. அந்த ஆறு நிமிடம் முடிந்து வெளியே வரும்போது முகம் சிவந்து, மூச்சு வாங்க, சண்டையில் ஜெயித்தவள் போல உட்காருவாள்.

அந்த ஆண்டு மாவட்ட அளவிலான அரையிறுதியும் இறுதியும் ஒரே நாளில், ஊட்டியில். நான் ஸ்கோர் எழுதப் படித்துத் தேர்வானவன். அன்றைக்கு மேசைக்கு ஆள் குறைவு என்பதால் என்னையே உட்கார வைத்தார்கள். பக்கத்தில் எதிர்ப் பள்ளி ஆசிரியர் கடிகாரம் பார்த்தார். ஸ்கோர் ஷீட்டில் பன்னிரண்டு பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். அந்தப் பெண் ஆட்டத்தில் இறங்கியதும் அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். மகாலட்சுமியின் அணிக்கு எழுதிய எந்த ஷீட்டிலும் அதுவரை ஒரு கட்டமும் காலியாக இருந்ததில்லை.

அரையிறுதியில் மூன்றாவது குவார்ட்டரில் சரிதா இறங்கினாள். அடுத்தடுத்து இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தாள். பதினொரு பாயிண்ட் முன்னால் இருந்த நாங்கள் கடைசியில் ஒரே ஒரு பாயிண்டில் தப்பித்தோம்.

மதியம் கற்பூர மரத்தடியில் பிள்ளைகள் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் தினகரன் எங்களைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார். ஈரோட்டுக்காரர், வந்து ஒரு வருடம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

"மேடம், அந்தப் பதினஞ்சாம் நம்பர் புள்ளைய பைனல்ல எறக்காதீங்க."

"பயிற்சிக்கு வந்தா எறக்குவேங்க சார். பெத்தவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"உங்க ரூல மாத்தச் சொல்லலீங்க. ஒரே ஒரு மேட்ச். இந்த வருஷம் ஆறாம் வகுப்புல எத்தன பேரு சேந்தாங்க? பதினாலு. தனியார் பள்ளிக்கூட வேனு நம்ம கேட்டு முன்னால நின்னு புள்ளைங்கள ஏத்திட்டுப் போகுது. இப்படியே போனா ரெண்டு வருஷத்துல நம்மளக் கொண்டுபோயி வேற பள்ளிக்கூடத்தோட சேத்துருவாங்க. கப்பு வந்தாப் பேப்பர்ல போட்டோ வரும், நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க. ஒரு புள்ள ஆறு நிமிஷம் ஒக்காந்திருந்தா என்ன ஆயிடும்?"

"என்ன ஆகும்னு எனக்குத் தெரியுங்க சார்!" மகாலட்சுமி கத்தினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியும்! நான் ஒக்காந்திருக்கேன்!"

"சரி, உங்க இஷ்டம். வருஷா வருஷம் உங்க வேலை நீட்டிப்புக்கு நான்தான் எழுதி அனுப்பறேன். அதயெல்லாம் என்னைப் பேச வெக்காதீங்க." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மகாலட்சுமி என்னைப் பார்த்தார். இப்போது நினைத்தால் என்மீதே எனக்கு எரிச்சல் வருகிறது. எனக்கும் அந்தக் கோப்பை வேண்டியிருந்தது. "ஒரு மேட்ச்தானே மேடம்" என்றேன். அவர் கத்தியது கோபத்தில் அல்ல, பயத்தில் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபமாக இருந்திருந்தால் குரல் வெளியே வந்திருக்காது.

இறுதி ஆட்டம் மூன்று மணிக்கு. மூடுபனி இறங்கி எதிர்ப்பக்கக் கூடை மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவது குவார்ட்டரில் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தபோது நாங்கள் நாலு பாயிண்ட் முன்னால் இருந்தோம். பதினொரு கட்டங்களில் குறி போட்டாகிவிட்டது. மகாலட்சுமி பெஞ்சைப் பார்த்துக் கை அசைத்தார். சரிதா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள்.

"பதினஞ்சு, சார்" என்று நம்பரைச் சொல்லிவிட்டு, மாற்று ஆட்டக்காரர் காத்திருக்கும் நாற்காலியில் எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஆட்டம் நின்றால்தான் உள்ளே போக முடியும். ஆட்டம் நிற்கவில்லை. எதிரணி ஒரு கூடை போட்டது. வித்தியாசம் இரண்டானது. பிறகு பந்து வெளியே போனது, நடுவர் விசில் ஊதினார். ஆள் மாற்றத்துக்கு ஒலிக்கும் பஸ்ஸர்மேல் நான் கையை வைத்தேன்.

பெஞ்சுக்குப் பின்னால் நின்ற தினகரன், "மேடம்" என்றார். அந்த ஒரு சொல்தான். மகாலட்சுமி திரும்பவில்லை.

"சரிதா, இங்க வா. கொஞ்ச நேரம் இரு. பார்க்கலாம்."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டேன். அது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஆட்டத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அதற்கப்புறம் ஆட்டம் முடிகிற வரை பெஞ்ச் இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

சரிதா திரும்பப் போய் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். கூப்பிடுவார் என்று நினைத்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளவில்லை. மீதி இருந்த அத்தனை நேரமும், ஊட்டிக் குளிரில், கையில்லாத ஜெர்சியோடு, முன்னால் சாய்ந்து தயாராகவே உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. ஜெயித்துவிட்டோம். பிள்ளைகள் ஜீவிதாவைத் தூக்கினார்கள். தினகரன் என் முதுகில் தட்டினார்.

ஷீட்டை முடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மகாலட்சுமி மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார். மூச்சுக் காற்று புகையாக என் கைமேல் பட்டது.

"கதிர் சார்."

"சொல்லுங்க மேடம்."

"பதினஞ்சுக்கு நேரா ஒரு குறி போட்டுடுங்க."

நான் அவரைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. பொய் எழுதுவது தப்பு என்று நான் அந்த நேரத்தில் நினைக்கவில்லை. இவரை இப்படிப் பார்க்க முடியவில்லை என்றுதான் நினைத்தேன். பேனா முனையைக் கட்டத்தில் வைத்தேவிட்டேன்.

"வேண்டாங்க சார்."

மேசைக்குப் பின்னால் சரிதா நின்றிருந்தாள். ஸ்வெட்டர் இன்னமும் கையில்தான் இருந்தது.

"நான் ஆடல மிஸ். ஆடாததுக்கு எதுக்குப் போடறீங்க?"

மகாலட்சுமி அவள் தோளைத் தொடப் போனார். அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டாள். பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் பாடி, கை தட்டிக்கொண்டு வந்தார்கள். சரிதா டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, தன் நிறுத்தம் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் இறங்கிப்போனாள்.

திங்கட்கிழமை பிரேயரில் கோப்பை கொடுத்தார்கள். சரிதா வரவில்லை. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கருப்பம்மா வந்தார். இலை பறிக்கிற இடத்திலிருந்து நேராக வந்திருந்தார். இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை. தலைமையாசிரியர் அறை வராந்தாவில் நின்று, "பந்து டீச்சரக் கூப்புடுங்க" என்றார். மகாலட்சுமி வந்தார்.

"டீச்சர், மீட்டிங்குல நீங்க என்ன சொன்னீங்க? ஒருத்தியையும் ஒக்கார வெக்க மாட்டேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேங்க அம்மா."

"அந்த வார்த்தைய நம்பித்தான் ரெண்டு வருசம் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு டீ ஊத்திக் குடுத்து அனுப்புனேன். சிறுத்த நடக்குற பாதையில அனுப்புனேன். எம்புள்ளைக்கு ஏலாதுன்னா மூஞ்சிக்கு நேரா ஏலாது, வராதன்னு சொல்லிப்புட்டுப் போறது. நாற்காலி வரைக்கும் கூட்டிட்டுப் போயி, ஊரு பாக்கத் திருப்பிக் கூப்புட்டீங்களாமே! அவ மூணு நாளாச் சோறு திங்காமக் கெடக்குறா. நாங்க லைன்ல கெடக்குறவுங்க, எங்கள எங்க வேணும்னாலும் ஒக்கார வெக்கலாம்னு நெனச்சீங்களா?"

"நானும் லைன்ல பொறந்தவதாம்மா" என்றார் மகாலட்சுமி.

"அப்ப ஒங்களுக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கணும்!"

சத்தம் கேட்டுத் தினகரன் வெளியே வந்தார். பத்தாம் வகுப்பு ஜன்னல் முழுக்கத் தலைகள்.

"ஏம்மா, எதுக்கு இவ்வளவு கோவம்? சர்டிபிகேட்டு பன்னெண்டு பேருக்கும் ஒண்ணுதான். உம் பொண்ணு ஆடலீன்னு அதுல எழுத மாட்டாங்க. காலேஜுல கேட்டாக் காட்டலாம். ஒண்ணும் நஷ்டமில்லீங்களே."

"அந்தக் காயிதத்த நீங்களே வெச்சுக்கங்க ஐயா" என்றார் கருப்பம்மா.

அப்போது மகாலட்சுமி விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டார்.

"சார்." எட்டிக் கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு மெதுவாகப் பேசினார். "இந்தம்மா சொன்னதெல்லாம் சரி. தப்புப் பண்ணது நான். நீங்க சொன்னீங்க, ஆனா அந்தப் புள்ளையத் திருப்பிக் கூப்புட்ட வாயி என்னுது. வேலை போயிடும்னு பயந்தேன். அதுக்கு அவளக் குடுத்தேன். இனிமே பயப்பட எங்கிட்ட ஒண்ணுமில்ல. மாநிலப் போட்டியில பன்னெண்டு பேரும் ஆடுவாங்கன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. குடுக்காட்டி நான் டீமோட போகல."

"மெரட்டுறீங்களா மேடம்?"

"ஆமாங்க சார்."

பத்தாம் வகுப்பு ஜன்னலில் யாரோ மூச்சை இழுத்தது வராந்தா வரை கேட்டது. தினகரன் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு உடற்கல்வி ஆசிரியரை வரவழைத்து அவரோடு அணியை அனுப்பினார். முதல் சுற்றிலேயே இருபத்திரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றுத் திரும்பினார்கள். ஆனாலும் அங்கே ஜீவிதாவைப் பார்த்துவிட்டு, சமவெளியில் ஒரு விளையாட்டு விடுதிக்குத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்பில் இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். தினகரன் சொன்னது நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கருப்பம்மா வந்துபோன அந்த வாரமே சனிக்கிழமை மகாலட்சுமி சரிதாவின் வீட்டுக்குப் போனார். தனியாகப் போகத் தைரியம் இல்லை என்று என்னையும் கூப்பிட்டார். லைன் வீடுகளுக்கு முன்னால் வரிசையாக ரப்பர் பூட்ஸ்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கருப்பம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. சரிதா வாசலில் வந்து நின்றாள்.

"நான் பண்ணது தப்பு சரிதா" என்றார் மகாலட்சுமி. "உங்கிட்ட சொல்லணும்னு வந்தேன். எச்.எம். சார் சொன்னாரு, கதிர் சார் சொன்னாருன்னு நான் சாக்குச் சொல்ல மாட்டேன்."

சரிதா வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"மிஸ், நான் நல்லா ஆட மாட்டேன்னு எனக்குத் தெரியும். நீங்க நல்லாத் திட்டுவீங்க, எனக்குக் கோவமே வந்ததில்ல. அன்னைக்கு என்னை எறக்க மாட்டேன்னு காலையிலயே சொல்லியிருந்தாக்கூட நான் வந்து கை தட்டிட்டு ஒக்காந்திருப்பேன். நீங்க சொல்லல. பயந்துட்டீங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

"ஆமா."

"நான் இனி வர மாட்டேன் மிஸ்."

"சரி" என்றார் மகாலட்சுமி. அதற்கு மேல் கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று திரும்பி வரும்போது சொன்னார். பிறகு, தேயிலைப் பாத்தி நடுவே நின்று, "நீங்க எதுக்கு சார் ஒரு மேட்ச்தானேன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். அன்றைக்கும் அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அவருக்கு வேலை போகவில்லை. போயிருக்கும், தினகரன் எழுதிய குறிப்பு ஒன்று மேலே போனது. ஆனால் அந்த ஆண்டு பகுதி நேர ஆசிரியர்கள் எல்லாருக்கும் மொத்தமாக நீட்டிப்பு வந்துவிட்டது, குறிப்பை யாரும் படிக்கவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மகாலட்சுமி தன் விதியை ஒரு முழு வெள்ளைத் தாளில் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, தகவல் பலகையில் குத்தி வைத்தார். மறுநாள் தாளைக் காணோம். மறுபடியும் எழுதிக் குத்தினார். மறுபடியும் காணோம். ஒன்பது முறை. பத்தாவது முறை தாளை விட்டுவிட்டு, பெயிண்ட் வாங்கி வந்து மைதானத்துச் சுவரில் அடி உயர எழுத்தில் எழுதிவிட்டார்: பயிற்சிக்கு வருகிறவள் ஆடுவாள். சுவரை அழிக்கத் தினகரனுக்கு மனம் வரவில்லையா, ஆள் கிடைக்கவில்லையா தெரியாது. அது அப்படியே இருக்கிறது.

ஜீவிதா இல்லாத அந்த வருடம் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். பத்தொன்பது பாயிண்ட் வித்தியாசம். பன்னிரண்டு பேரும் ஆடினார்கள். ஊட்டியிலிருந்து திரும்பியதும் தினகரன் வராந்தாவில் வழி மறித்தார்.

"இப்பத் திருப்திங்களா மேடம்?"

"இல்லீங்க சார். தோத்தது எரியுது. நம்ம புள்ளைங்கள்ல ரெண்டு பேரு தடுக்கும்போது காலு சரியா வெக்கல, அத நான் சொல்லிக் குடுக்கல. அடுத்த வருஷம் பாருங்க." சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

சரிதா பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் சேர்ந்துவிட்டாள். வகுப்பில் மூன்று பெண்கள்தானாம். போன நவம்பரில் ஊட்டி பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தோம். நீலச் சட்டை, கையில் ஒரு கிரீஸ் கறை. மகாலட்சுமிதான் முதலில் அருகில் போனார்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன் மிஸ்." பஸ் நம்பரைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாரையும் எறக்குறீங்களா?"

"எறக்குறேன்."

"தோக்குறீங்களா?"

"தோக்குறோம்."

அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதற்குள் அவள் பஸ் நகரத் தொடங்கியது. ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டாள். கை காட்டவில்லை.

"சிரிச்சாளே மேடம்" என்றேன் நான்.

"சிரிச்சா மன்னிச்சுட்டான்னு அர்த்தமா சார்?" என்றார் மகாலட்சுமி. "மன்னிக்கல. மன்னிக்கவும் வேண்டாம். அவளுக்கு அந்தக் கோவம் இருக்கட்டும்." மஞ்சூர் பஸ் வந்து நின்றது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஏறியவர், ஜன்னலோரம் எனக்கும் இடம் போட்டுவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருத்திக்கு இடது கைப் பழக்கம் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பேச ஆரம்பித்தார்.